கிராப் பங்கு வாங்குமுன் பார்க்க வேண்டிய வரிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தினமும் கையில் இருக்கும் செயலிதானே, அதன் பங்கையும் கொஞ்சம் வாங்கி வைக்கலாமே என்ற தொனியில் உங்கள் முதலீட்டுப் பக்கத்தில், வாடகைக்கார், உணவு விநியோகச் செயலி நடத்தும் கிராப் நிறுவனத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நிறுவனம் வளர்கிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2024க்கான 18.4 பில்லியன் அமெரிக்க டாலரைக் கட்டுரை ‘விற்பனை’ என்று குறிப்பிட்டிருந்தது. அது பயணத்துக்கும் உணவு, மளிகை விநியோகத்துக்கும் மக்கள் செயலி வழியாகச் செலுத்திய மொத்தத் தொகை. அதில் பெரும்பகுதி ஓட்டுநருக்கும் உணவுக்கடைக்கும் போய்விடும். அந்த ஆண்டு நிறுவனத்தின் வருவாய் 2.8 பில்லியன். அதிலும் நிதிச் சேவையில் வந்த 253 மில்லியனை நீக்கினால், நூறு டாலர் பரிவர்த்தனைக்கு முழுதாக 14 டாலர்கூட வருவாயாகத் தேறவில்லை.

ஒரு சவாரியை வைத்துப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே. கட்டணம் 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஐந்தில் ஒரு பங்கு தரகு என்றால் 4 வெள்ளி, செயலிக்காகப் பயணி கொடுக்கும் தளக் கட்டணம் 90 காசு, ஆக 4 வெள்ளி 90 காசு. பயணிக்குத் தள்ளுபடி 2 வெள்ளி, உச்ச நேரத்தில் ஓட்டியதற்காக ஓட்டுநருக்கு ஊக்கத்தொகை 1 வெள்ளி 20 காசு. இவ்விரண்டும் செலவுக் கணக்கில் வராது, வருவாயிலேயே கழிக்கப்படும். ஏட்டில் ஏறுவது 1 வெள்ளி 70 காசு. கடன் அட்டை நிறுவனம் தன் கட்டணத்தை இந்த 1.70க்கு எடுக்காது, பயணி செலுத்திய முழுத் தொகைக்கும் எடுக்கும். பிறகு வரைபடம், சேவையகம், காப்புறுதி, வாடிக்கையாளர் சேவை. ஊக்கத்தொகையில் 50 காசு கூடினால் பயணிக்கு ஒன்றும் தெரியாது. நிறுவனத்தின் வருவாயில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு போய்விடும். போட்டியாளர் ஒருவர் ஒரு நகரில் தள்ளுபடியை அள்ளி வீசினால் கிராப் பங்கு ஆடுவதற்குக் காரணம் இதுதான். காலாண்டு அறிக்கையில் முதலில் தேட வேண்டியது, மொத்தப் பரிவர்த்தனையில் ஊக்கத்தொகையும் தள்ளுபடியும் எத்தனை விழுக்காடு என்ற வரி. 2024ல் அது 10 விழுக்காட்டை ஒட்டி இருந்தது.

வருவாய் வளர்ச்சியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 2022ல் 1.43 பில்லியனாக இருந்தது 2023ல் 2.36 பில்லியன் ஆனது. 65 விழுக்காட்டு வளர்ச்சி என்று ஊடகங்கள் எழுதின. அதில் ஒரு பகுதி கணக்கு முறையால் வந்தது. ஒரு சந்தையில் சில விநியோகச் சேவைகளில், இடைத்தரகராக இருந்த நிறுவனம் தானே விநியோகம் செய்பவராக ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டது. அதுவரை தரகு மட்டுமே வருவாய். மாற்றத்துக்குப் பின் முழு விநியோகக் கட்டணமும் வருவாய், ஓட்டுநருக்குத் தருவது செலவு. கையில் மிஞ்சும் பணம் அதேதான். மலேசியாவில் வாங்கிய ஜெயா குரோசர் மளிகைக் கடைகளின் விற்பனையும் விநியோகப் பிரிவில்தான் சேர்கிறது.

நட்டம் குறைந்த கதைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2021ல் 3.6 பில்லியன் நட்டம்; 2024ல் 158 மில்லியன். ஆனால் 2021ன் நட்டத்தில் 1.6 பில்லியன், சாதாரணப் பங்குகளாக மாற்றத்தக்க முன்னுரிமைப் பங்குகளுக்கு ஏட்டில் மட்டும் எழுதிய வட்டி. அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிட்டதும் அது தானாக நின்றுபோனது. மீதி முன்னேற்றம் உண்மையானது, பாராட்டத்தக்கது. 2025ன் முதல் காலாண்டில் 10 மில்லியன் லாபமும் வந்தது.

நிர்வாகம் முன்னிறுத்தும் ‘சரிசெய்யப்பட்ட எபிட்டா’ என்ற லாபக் கணக்கு 2024ல் 313 மில்லியன். வட்டி, வரி, தேய்மானத்தோடு, ஊழியர்களுக்குப் பங்குகளாகத் தரும் சம்பளத்தையும் அதில் செலவாகக் கழிப்பதில்லை. பங்காகக் கொடுத்தாலும் சம்பளம் சம்பளம்தான். அதைச் சுமப்பவர் ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர். நிறுவனம் 2024ல் 500 மில்லியன் டாலர் வரை பங்குகளைத் திரும்ப வாங்கப்போவதாக அறிவித்தபோது பலர் மகிழ்ந்தார்கள். புதிதாக வெளியான பங்குகளைக் கழித்துப் பார்த்தால்தான் மொத்த எண்ணிக்கை உண்மையில் குறைந்ததா என்பது தெரியும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ரொக்கக் கணக்கு. 2024ல் செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கம் 852 மில்லியன். 158 மில்லியன் நட்டப்பட்ட நிறுவனத்துக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? கிராப்பின் மின்னிலக்க வங்கிகளில் வாடிக்கையாளர்கள் போட்ட வைப்புத்தொகை. சிங்கப்பூரில் தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல்லுடன் சேர்ந்து நடத்தும் ஜிஎக்ஸ்எஸ், மலேசியாவில் ஜிஎக்ஸ்பேங்க் ஆகியவற்றின் வைப்புத்தொகை ஆண்டு முடிவில் ஏறக்குறைய 1.2 பில்லியன். கணக்கியல் விதிப்படி வங்கிக்கு அது செயல்பாட்டு ரொக்கம். ஆனால் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். நிறுவனமே இதையெல்லாம் நீக்கி ‘சரிசெய்யப்பட்ட தடையற்ற ரொக்க வரவு’ (நிறுவனம் தன் விருப்பப்படி செலவிடக்கூடிய பணம்) என்று தனியாகக் காட்டுகிறது: 136 மில்லியன். நான் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

இனி விலை. பங்குகள் ஏறக்குறைய 4 பில்லியன். பங்கு 5 டாலர் என்று கொண்டால் நிறுவனத்தின் மதிப்பு 20 பில்லியன். 2024 முடிவில் ரொக்கமும் எளிதில் ரொக்கமாகும் சொத்தும் 6.1 பில்லியன், வைப்புத்தொகையை ஒதுக்கிவிட்டால் 5 பில்லியனுக்குச் சற்றுக் குறைவு. ஆக, தொழிலுக்கு மட்டும் நாம் கொடுப்பது சுமார் 15 பில்லியன்: எபிட்டாவைப் போல் 48 மடங்கு, தடையற்ற ரொக்க வரவைப் போல் 110 மடங்கு. இன்றைய விலையையும் புதிய ஆண்டின் எண்ணையும் இட்டு இதே கணக்கைப் போடுங்கள். 2025 ஜூனில் வெளியிட்ட 1.5 பில்லியன் டாலர் மாற்றத்தக்க கடன்பத்திரங்களைக் கடன் பக்கத்தில் சேர்க்க மறக்க வேண்டாம். வட்டியில்லாக் கடன் என்றாலும் பின்னாளில் பங்குகளாக மாறலாம். இந்த மடங்குகள் கீழே வர ரொக்க வரவு பல ஆண்டுகள் வேகமாக வளர வேண்டும். வளரலாம். ஆனால் அந்த வளர்ச்சிக்கான விலையை வாங்குபவர் இன்றே கொடுத்துவிடுகிறார்.

அதற்குத் தடையாக வரக்கூடியது போட்டியைவிட ஓட்டுநர் பற்றிய சட்டம் என்பது என் கணிப்பு. சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல், 1995லும் அதற்குப் பிறகும் பிறந்த, செயலி வழி வேலை செய்யும் ஓட்டுநர், விநியோகிப்பாளர் போன்றோருக்கு மசேநிதி (மத்திய சேமநிதி) கட்டாயம். நிறுவனம் அதில் செலுத்த வேண்டியது 3.5 விழுக்காட்டில் தொடங்கி 2029ல் 17 விழுக்காட்டை எட்டும். காரோட்டியின் வருமானத்தில் 60 விழுக்காட்டைச் செலவாகக் கழித்த பிறகே கணக்கிடுவதால் சுமை தோன்றும் அளவுக்குப் பெரிதல்ல. கிராப் தளக் கட்டணத்தை 70 காசிலிருந்து 90 காசாக உயர்த்தி அதைப் பயணி பக்கம் தள்ளியது. இந்தோனேசியாவில் அப்படித் தள்ள வழி குறைவு. அங்கே மோட்டார்சைக்கிள் சவாரித் தரகுக்கு 2025ல் 20 விழுக்காடு உச்சவரம்பு இருந்தது. அதை 10 ஆக்கக் கோரி 2025 மே மாதம் ஓட்டுநர்கள் தெருவில் இறங்கினார்கள். மேலே சொன்ன சவாரியில் 4 வெள்ளி 2 வெள்ளியானால் 1.70 இருக்காது, 30 காசுக் குறை விழும்.

இந்தோனேசியப் போட்டியாளரான கோஜெக்கின் தாய் நிறுவனமான கோடூவுடன் இணைப்பு என்ற பேச்சு பல முறை எழுந்து அடங்கியிருக்கிறது. அதை நம்பி வாங்குவோர், 2018ல் ஊபரின் வட்டாரத் தொழிலை வாங்கியதற்காக இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து சிங்கப்பூரில் 13 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டதையும், 2024ல் போட்டித்தன்மை ஆணையம் ஆட்சேபம் எழுப்பியபின் டிரான்ஸ்-கேப் டாக்சி நிறுவனத்தை வாங்கும் திட்டத்தைக் கிராப் கைவிட்டதையும் பார்க்க வேண்டும். சிறு முதலீட்டாளரின் வாக்குக்கு இங்கே பெரிய வேலை இல்லை. 2025 நிலவரப்படி, தலைமையிடம் உள்ள சிறப்பு ‘பி’ வகைப் பங்கு ஒன்றுக்கு 45 வாக்குகள். வாக்குரிமையில் பாதிக்கு மேல் இணை நிறுவனர் ஆண்டனி டான் கையில் இருந்தது.

அடுத்த முறை இந்தப் பக்கத்தில் அட்டவணை போடும்போது பயனர் எண்ணிக்கைக்குப் பதிலாக ஊக்கத்தொகை விழுக்காடு, மொத்தப் பங்கு எண்ணிக்கை, தடையற்ற ரொக்க வரவு ஆகியவற்றை மூன்று ஆண்டுகளுக்கு வரிசையாக வெளியிடுங்கள். எல்லாமே நிறுவனத்தின் முதலீட்டாளர் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இப்படிக்கு,
வாசகர், தோ பாயோ