தம்பிக்கு, ஆபீஸ் ரூமைப் பற்றி

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். போனில் "பில் வேலைம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். ராத்திரி ஒன்பதுக்குத்தான் வீட்டுக்கு வருகிறாய் என்று பேரன் சொன்னான். அவனைத் திட்டாதே.

தலைமையாசிரியரே உட்கார்ந்து சம்பளப் பில் போடுகிறார் என்றால் அது பெருமை இல்லை. களஞ்சியம் என்கிற அரசுச் சம்பள இணையதளத்தில் பில்லைத் தொடங்குவது ஒருவர், ஒப்புதல் தருவது நீ. இரண்டையும் நீயே செய்தால் தப்பைப் பிடிக்க ஆள் ஏது? உன் பாஸ்வேர்டை ஆபீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் அந்த உதவியாளர் பிள்ளையிடம் கொடுத்துவிடுவதும் அதே ஆபத்துதான்.

குரூப் 4 எழுதி வந்தவருக்குப் புத்தி இருக்கும், பழக்கம் இருக்காது. வேலையை வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு. எந்த அறிக்கை எந்தத் தேதிக்கு என்பது காலமுறைப் பதிவேட்டில் இருக்கட்டும். திங்கட்கிழமை காலையில், தன்னிடம் வந்த தபால்களை அவர் எழுதி வைக்கும் தன்பதிவேட்டை வாங்கிப் பார், எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேள். பாதி நேரம் உன் மேஜையில்தான் கோப்பு கிடக்கும். ஆசிரியர்கள் ஆளுக்கொரு வேலை ஏவுவதையும் நிறுத்து. எல்லாம் உன் வழியாகத்தான் போக வேண்டும்.

டிசி நேரம் வருகிறது. ஜன்னலில் பெற்றோர் நெருக்க, போன் அடிக்க, நடுவில் நீ கூப்பிட, அப்போதுதான் பிறந்த தேதியில் 3 என்பது 8 ஆகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சான பிறகு அதைத் திருத்துவது லேசில்லை. காலையில் இரண்டு மணி நேரம் ஜன்னலைச் சாத்தச் சொல். சேர்க்கைப் பதிவேட்டை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கல்வித் துறையின் மாணவர் விவர இணையதளமான எமிஸில் சரிபார்க்கட்டும். ஜன்னலில் யாராவது சத்தம் போட்டால் நீ எழுந்து போ. உதவியாளரைத் தனியே நிற்க விடாதே.

உன் பள்ளி ரிசல்ட்டைக் கேட்டு அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார். இவ்வளவு செய்கிறவன், ஆபீஸ்காரரைப் பத்துப் பேர் முன்னால் அதட்டலாமா? யார் சொன்னார்கள் என்று கேட்காதே.

17பி என்கிற பெரிய ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகாதே தம்பி. அது முடியும்வரை அவருக்குப் பதவி உயர்வு கிடையாது. பில் தப்பானால் முதலில் கேள்: சொல்லிக் கொடுத்தோமா, எழுதிக் கொடுத்தோமா? பவானிசாகரில் நடக்கும் அரசு ஊழியர் அடிப்படைப் பயிற்சிக்கு உத்தரவு வந்தால், ஆள் இல்லை என்று பிடித்து வைக்காதே. தகுதிகாண் பருவம் முடிக்க அவருக்கு அது வேண்டும். அவர் போகுமுன் இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு மாத பில்லைப் போட வை.

சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்கு, ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக் கணக்கு மே 31க்குள் போக வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம், நோட்டீஸ் உன் பதவிப் பெயருக்குத்தான் வரும். நாளைக்கே அவரிடம் விசாரி. உட்காரச் சொல்லி விசாரி. எதையும் எழுதிக் கொடு.

நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன், எடு.

அம்மா