உன் தொட்டி மீனின் சொந்த ஊர்

அன்புள்ள மச்சான் குமரன்,

சுகமா? மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த செய்தியைக் கடிதத்தின் கடைசி வரியில் போட்டுவிட்டு முன்பக்கம் முழுவதும் உன் மீன்தொட்டியைப் பற்றி எழுதியிருக்கிறாய். பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லு, அப்பனை மன்னிக்கவும் சொல்லு.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் வெள்ளவத்தைச் சந்தைக்குத் தானே போய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கினால்தான் அவவுக்குத் திருப்தி. நான் ஓடை மீன் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும், "குழம்புக்கு ஆகுமோ?" என்று கேட்டா. ஆகாது என்றதும் அந்தக் கதையை அத்துடன் விட்டுவிட்டா.

நீயும் கிட்டத்தட்ட அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாய். ஸ்கார்பரோவில் கடையில் நாலைந்து டொலருக்கு வாங்கி, சோபாவில் இருந்தபடி பார்க்கிற மீனை நீ ஏன்ரா காட்டுக்குள் போய் அட்டைக்கு இரத்தம் கொடுத்துப் பார்க்கிறாய் என்று. போய் வந்து ஒரு கிழமைதான் ஆகிறது, உடம்பில் அட்டை கடித்த இடமெல்லாம் இன்னும் சொறிகிறது, அதனால் பதில் சூடாகவே வரும்.

தெனியாய பக்கமாகத்தான் போனோம், நானும் அக்காவின் மகனும். தெற்கு அதிவேக வீதியில் போய் அக்குரஸ்ஸ வழியாக ஏறினால், மேலே போகப் போகத் தேயிலையும் மூடுபனியுமாக இருக்கும், அதற்குப் பின்னால் கறுப்பாகத் தெரிவது சிங்கராஜ. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த அதே காடுதான். எழுபதுகளில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இந்தக் காட்டு மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது, சனம் எதிர்த்ததால்தான் நின்றது. நின்றிராவிட்டால் நான் இந்தக் கடிதத்தில் எழுத ஒன்றும் இருந்திராது. வனத்துக்குள் ஓடையில் இறங்கிப் படமெடுக்க அனுமதி எடுக்க வேண்டும், அது ஒரு பெரிய அலைச்சல், அதனால் நாங்கள் எல்லைக்கு வெளியே கறுவாத் தோட்டத்துக்கும் தேயிலைக்கும் நடுவே இறங்கி ஜின் கங்கைக்குப் போகிற சின்ன ஓடைகளோடு நின்றுகொண்டோம். மீனுக்கு எல்லைக் கல் தெரியாது, அதுவரைக்கும் எங்களுக்கு நல்லது.

மாசி மாதம்தான் சரியான காலம். மற்ற நேரத்தில் மழை விடாது, அங்கே வருடத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, ஒரு பின்னேர மழைக்கே ஓடை தேத்தண்ணி நிறமாகிவிடும். நாங்கள் போன கிழமை மழை பிற்பகல் வரைக்கும் பொறுத்துக்கொண்டது. விடியற்காலையில் போய் இரண்டு மணிக்குள் வெளியே வந்துவிடுவோம்.

சரி, உன் மீனுக்கு வருகிறேன். நீ 'செரி பார்ப்' என்று எழுதுகிற அந்தச் சிவப்பு மீன், இங்கே சிங்களத்தில் லே தித்தயா. 1929இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல விவரித்து எழுதினார், களனி கங்கையிலிருந்து நில்வளா கங்கை வரைக்கும் உள்ள ஈரவலய ஓடைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இருந்ததில்லை. உன் கடைக்கு வருவது பெரும்பாலும் பண்ணையில் பல தலைமுறையாக வளர்ந்ததாகத்தான் இருக்கும். உன் தொட்டியில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தால் மாற்று, 2023இல் அதைப் புன்ற்றியஸ் பேரினத்திலிருந்து பிரித்து ரொஹனெல்லா என்று புதுப் பேரினம் கொடுத்துவிட்டார்கள், நம்முடைய மீன் ஆய்வாளர் ரொஹான் பெத்தியாகொடவின் பெயரால்.

நான் அதைப் பார்த்த இடத்தைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். ஓடையின் நடுவில் இல்லை, கரையோரம், வேர்களுக்குக் கீழே, தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத ஒரு மூலையில், முழங்கால் ஆழம்கூட இல்லை. அடியில் அழுகிய இலை ஒரு சாண் படிந்திருக்கிறது. மேலே மரம் அவ்வளவு அடர்த்தி, பகல் பத்து மணிக்கும் கமரா வெளிச்சம் போதாது என்று கத்துகிறது. கரையிலிருந்து குனிந்து பார்த்தால் தண்ணீரில் ஒன்றுமே இல்லை, வானமும் உன் மூஞ்சியும்தான் தெரியும். போலரைசர் வடிகட்டி போட்டால் மினுக்கம் போகும், ஆனால் மேலிருந்து பார்க்கிற மீன் முதுகு மட்டும்தான், எல்லாம் பழுப்பு. அவை அப்படி இருப்பதே மீன்கொத்திக்காகத்தான். பக்கவாட்டில் பார்க்க வேண்டும் என்றால் நீ படுக்க வேண்டும். மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு, வயிறு சரளைக் கல்லில் உரச, கமராவைத் தண்ணீர் புகாத ஹவுசிங்கில் போட்டு முன்னால் நீட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கமிருந்து மேலே பார்த்துப் படுத்தால், நீ கிளப்புகிற கலங்கல் உன் காலுக்குப் பின்னால் போய்விடும். மேல்பக்கமிருந்து படுத்தால் படத்தில் சேறுதான்.

முதல் கால்மணி நேரம் ஒன்றும் வராது. அப்புறம் கல் பாண்டியன் வரும், அதாவது கல்லில் ஒட்டிப் பாசி சுரண்டுகிற கர்ரா, உன் கையிலுள்ள செத்த தோலைக் கடித்துப் பார்க்கும். அது பயமில்லாமல் கடிப்பதைப் பார்த்த பிறகுதான் மற்றவை வெளியே வருகின்றன என்று எனக்கு ஒரு எண்ணம், விஞ்ஞானம் இல்லை, என் எண்ணம். பிறகு இலைக்குக் கீழிருந்து ஒரு பெண் தித்தயா, மண்ணிறம், பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு. அதற்குப் பின்னால் ஆண். அந்த இருட்டில் அந்தச் சிவப்பு எப்படி இருக்கும் என்று நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பாய். ஆனால் இதைக் கேள்: இன்னொரு ஆண் இல்லாதபோது அது அவ்வளவு சிவப்பில்லை. இரண்டாவது ஆண் இலைக்குப் பின்னாலிருந்து வந்ததும் இரண்டும் பக்கத்தில் பக்கம், தலைக்கு நேரே வால், செட்டையெல்லாம் விரித்து வட்டம் சுற்றத் தொடங்கின. ஒவ்வொரு சுற்றுக்கும் நிறம் கூடிக்கொண்டே போனது. மண்ணிறப் பெண் அந்தப் பக்கமே பார்க்காமல் இலையிலிருந்து எதையோ பொறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தோற்றது எது என்று உடனே தெரிந்தது, ஒன்று திடீரென்று வெளிறி, செட்டையை மடித்துக்கொண்டு வேருக்குள் போய்விட்டது. உன் தொட்டியில் தோற்றவனுக்குப் போக இடமில்லை மச்சான். அதுதான் என் பதிலில் பாதி.

கொஞ்சம் ஆழமான குழியில், ஓட்டம் உள்ள இடத்தில், புலத் ஹாப்பயா என்கிற இன்னொரு மீன். வெற்றிலை போட்ட வாய் மாதிரி முன்பாதி சிவந்து பின்பாதி கறுத்துவிடும் அந்த ஆணைப் பிடித்துத்தான் ஒருகாலம் கூடை கூடையாக ஏற்றுமதிக்கு அனுப்பினார்கள். கூட்டமாக வந்து ஹவுசிங்கின் டோம் கண்ணாடியில் தங்கள் நிழலைப் பார்த்து முறைத்தன. ஒன்றிரண்டு நல்ல படம் வந்திருக்கிறது. ஃபிளாஷை நான் போடவில்லை. போட்டால் தண்ணீரில் மிதக்கிற ஒவ்வொரு துகளும் வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும், அதோடு காட்டின் இருட்டும் போய்விடும். வெளிச்சம் போதாததற்குக் கமராவின் ஐஎஸ்ஓவைக் கூட்டினேன், படம் மணல் மணலாக இருக்கிறது, இருக்கட்டும்.

இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு. மீனை வலையில் கோலி, சின்னக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, பின்னால் கறுப்பு மட்டை வைத்துப் படமெடுத்து 'காட்டு மீன்' என்று போடுகிறவர்கள். ஒவ்வொரு செதிலும் எண்ணலாம், இனம் பிரித்துச் சொல்ல வேண்டிய ஆய்வாளருக்கு அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மீன் வெளிறிப்போய், செட்டை ஒடுக்கி, பயந்து நிற்கிறது. அதை வடிவான படம் என்று எனக்குச் சொல்லாதே. மருமகன் கூட ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான், அதை மத்தியானச் சாப்பாடு வைக்கப் பாவித்தோம்.

கூட வந்த வழிகாட்டித் தம்பி அந்த ஊர்ப் பிள்ளை, வலை போட்டு மீன் பிடித்து வளர்ந்தவன். ஓடை என்றே சொல்ல முடியாத, தேயிலை வரிசைக்கு நடுவே ஒழுகுகிற ஒரு வாய்க்காலில் அவன் கையைக் காட்டினான். கொள கனயா, நம்முடைய குட்டி விரால் இனம், வயிற்றுச் செட்டையே கிடையாது. ஒரு ஆண், தாடை புடைத்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு இலைக்குள் கிடந்தது. வாய்க்குள் குஞ்சு. எத்தனை நாளோ சாப்பிடாமல் இருக்கும். நாங்கள் படமெடுக்காமல் வந்துவிட்டோம், அது பயந்து துப்பிவிட்டால் பாவம்.

திரும்பி வரும்போது நேரே கொழும்புக்கு வராமல் அத்வெல்தொட்ட நீர்வீழ்ச்சிக்குப் போனோம், பதுரலிய பக்கம். அங்கேதான் உதட்டுச்சாய உளுவை என்கிற மீன் இருக்கிறது, நம் நாட்டு நீர்மூழ்கி ரொட்னி ஜொங்க்லாஸின் பெயரில் 1972இல் பெயரிட்டார்கள், இரண்டு அங்குலம்தான். இந்த உளுவைக் குடும்பத்துக் குஞ்சுகள் பொரித்ததும் தண்ணீரோடு அடித்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன, அங்கே கொஞ்சம் வளர்ந்து திரும்பவும் ஆற்றில் ஏறுகின்றன. அங்கிருந்து தண்ணீர் களு கங்கைக்குப் போய்க் களுத்துறையில் கடலில் விழுகிறது, அவ்வளவு தூரம் வந்து, கடைசியில் வயிற்றுச் செட்டை ஒட்டுவாயாகச் சேர்ந்திருப்பதை வைத்துக்கொண்டு ஈரப் பாறையில் ஏறிப் போகின்றன. ஒன்று ஏறுவதை மூக்குக்கு முன்னால் பார்த்தேன். தண்ணீர் மெல்லிய படலமாக வழிகிற பாறையில் ஒட்டிக்கொள்ளும், அசையாது, பிறகு வாலை ஒரு வெட்டு வெட்டி ஒரு விரல் அகலம் மேலே. மறுபடி அசையாது. எனக்குக் கழுத்து விறைத்துப் போனது, அது இன்னும் பாதிகூட ஏறவில்லை.

இப்போது இந்த ஓடைகளை மறித்துச் சின்னச் சின்ன நீர்மின் நிலையம் கட்டுகிறார்கள். பசுமை மின்சாரம் என்று பெயர். அணைச்சுவருக்கு மேலே தண்ணீரைக் குழாயில் திருப்பிவிட்டால், சுவருக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே உள்ள பகுதி கோடையில் கல்லும் குட்டையுமாகக் கிடக்கிறது. கடலிலிருந்து வருகிற உளுவை அங்கே வந்து என்ன செய்யும்? களவான, இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழித் தண்ணீர் ஆற்றைக் கலக்குகிறது. கீழ்நாட்டில் யாரோ தொட்டியிலிருந்து கொட்டிவிட்ட 'டேங்க் கிளீனர்' மீன் வேறு. (நீ அங்கே எதையும் ஆற்றில் கொட்டுவதில்லை என்று நம்புகிறேன்.) கலபிட்டமட பக்கம் ஒரு சின்ன ஓடையில் கண்டுபிடித்து 1991இல் பெயரிட்ட பண்டுல பெதியா என்ற மீன் இருந்தது காட்டில் இல்லை, வயலுக்கும் றப்பர் தோட்டத்துக்கும் நடுவில். அதனால் காட்டை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று இருக்க முடியாது. கரையோர மரத்தை ஒருவன் தன் காணிக்குள் வெட்டினால் அது சட்டப்படி சரியாகவும் இருக்கலாம், ஆனால் வெயில் விழுந்த அந்தத் துண்டில் நான் தித்தயாவை ஒன்றுகூடப் பார்க்கவில்லை, இருபது அடி தள்ளி நிழலில் தாராளமாக நின்றன. இது என் பதிலின் மற்றப் பாதி. உன் தொட்டியில் மீன் இருக்கிறது, நிழல் இல்லை.

இனி ஊர்க்கதை. நம் வகுப்புப் பாலா கொழும்புக்கே வந்துவிட்டான், தெஹிவளையில் வீடு பார்க்கிறான். நாம் பள்ளிக்கூடம் விட்டு ஜாம் போத்தலோடு கப்பி பிடித்த கால்வாய்க்கு இப்போது இரண்டு பக்கமும் கொங்கிறீட், நடைபாதை, வாங்கு எல்லாம் போட்டிருக்கிறது. கப்பி மட்டும் இன்னும் இருக்கிறது, அதற்கு எதுவும் பிரச்சினை இல்லை.

படங்களை இந்தக் கிழமைக்குள் அனுப்புகிறேன், எடுத்ததில் முக்கால்வாசி வால் மட்டும்தான் தெரியும், அதையும் சேர்த்து அனுப்புவேன். நீ அடுத்த மாசியில் வருவதாக எழுதியிருக்கிறாய், அது உண்மையா அல்லது வழமை போலவா என்று டிசம்பருக்குள் சொல்லு, வழிகாட்டித் தம்பியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வரும்போது ஒரு நல்ல மூச்சுக்குழாயும் ஹவுசிங்குக்கு உதிரி ரப்பர் வளையமும் கொண்டுவா, அளவை அனுப்பிவைக்கிறேன். அட்டைக்குக் காலுறையும் சித்தாலேப தைலமும் இங்கேயே வாங்கலாம், அதற்குப் பெட்டியில் இடம் விடாதே.

அன்புடன்,
ரவி