ரங்காவுக்கு, தென்பெண்ணை விஷயமாக

மஞ்சக்குப்பம், கடலூர்
புரட்டாசி கடைசி வாரம்

அன்புள்ள ரங்கா,

உன் குரல் செய்திக்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன் என்று ஜீவாவிடம் புலம்பினாயாமே. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் யார் அழுகிறார்கள் என்பதெல்லாம் தெளிவாகத் தெரிகிறது, வீட்டில் நிம்மதி போச்சு. மற்றதெல்லாம் நேரில்.

புதுச்சேரி பாகூர்ப் பக்கத்துத் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்கு வெள்ளத்தை முன்கூட்டியே சொல்ல நீ அனுப்பிய பட்டியலுக்கு வருகிறேன். இருநூறு கணக்குகள், முப்பது இணையதளங்கள், 'புயல்', 'வெள்ளம்', 'எச்சரிக்கை' என்று மூன்று சொற்கள். எல்லாவற்றையும் ஒரு கணினி நிரல் அள்ளிக்கொண்டு வந்து, ஏ.ஐ. சுருக்கி, பாகூர் குரூப்பில் தானாகவே போடும். டேய், ஒரே வாரத்தில் எல்லோரும் குரூப்பை மியூட்டில் போட்டுவிடுவார்கள். அப்புறம் உண்மையிலேயே தண்ணீர் வரும் ராத்திரியில் உன் செய்தியைப் பார்க்க ஒரு ஆளும் இருக்கமாட்டான். 'புயல்' என்று தேடினால் வைகைப்புயலும் இசைப்புயலும் வந்து நிற்பார்கள். 'வெள்ளம்' என்றால் கட்சி மாநாட்டு மக்கள் வெள்ளம். நிஜமாகத் தண்ணீர் புகுந்த வீட்டுக்காரன் 'வெள்ளம்' என்று எழுதவே மாட்டான். 'தண்ணி ஏறுது', 'ரோட்டு மேல போவுது', 'கரை அரிக்குது' என்றுதான் போடுவான். ஊர்ப் பெயரிலும் கண்ணி இருக்கிறது. மத்திய நீர் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் நம் தென்பெண்ணை 'பொன்னையாறு' என்று இருக்கும். வேலூர்ப் பக்கம் பாலாற்றில் சேருகிற பொன்னை ஆறு வேறு. நிரலுக்கு இரண்டும் ஒன்று. வெள்ளாறும் இரண்டு, ஒன்று நம் பரங்கிப்பேட்டையில் கடலில் விழுவது, மற்றது புதுக்கோட்டைப் பக்கம் ஓடுவது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: பட்டியலை வாலிலிருந்து போடு. உங்கள் ஆற்றோரச் சோரியாங்குப்பத்திலும் குருவிநத்தத்திலும் யார், எத்தனை மணிக்குள், எங்கே போக வேண்டும்? அதற்கு எத்தனை மணி நேரம் முன்னால் தெரிந்தாக வேண்டும்? அந்த நேரத்துக்கு முன் எந்தத் தளத்தில் எந்த எண் மாறும்? இந்த வரிசையில் போனால் உன் இருநூறு ஏழெட்டாக வற்றிவிடும்.

உனக்குத் தண்ணீர் உன் ஊர் மழையால் மட்டும் வருவதில்லை. ஃபெங்கல் புயலை எடுத்துக்கொள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்துவிட்டு நகராமல் உட்கார்ந்தது. டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ. எல்லோர் கண்ணும் அந்த எண்ணில்தான் இருந்தது. அடுத்த 24 மணி நேரத்தில் 50 செ.மீ. கொட்டியது எங்கே? மேலே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில். அந்தத் தண்ணீர் பாம்பாற்று வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணைக்குத்தான் வந்தாக வேண்டும். டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி. நம் பக்கம் மழை ஓய்ந்து, துணி காயப்போடலாமா என்று ஜனங்கள் யோசித்த நேரத்தில்தான் ஆறு கரை மீறியது. உள்ளூர் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தவன் அத்தனை பேரும் ஏமாந்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். சாத்தனூரின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி, உயரம் 119 அடி. வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 7,260 மில்லியன் கன அடி. அதாவது காலி அணையாக இருந்தாலும் அரை நாளில் நிரம்பிவிடும். ஏற்கெனவே நிறைந்திருந்தால் வருவது அப்படியே வெளியே போகும், அணை இருந்தும் இல்லாத மாதிரி. அதனால் தினமும் நீ பார்க்க வேண்டிய முதல் எண் அணையில் எவ்வளவு இடம் மிச்சம் என்பது. 119ஐ ஒட்டி நிற்கிறதென்றால், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு வானிலைத் துறை ஆரஞ்சு கொடுத்த அன்றே உனக்கு அது முதல் எச்சரிக்கை மணி. புதுச்சேரிக்குப் பச்சை இருந்தாலும் சரி.

நிறங்களில் குழம்பாதே. வானிலைத் துறையின் நிறம் மழைக்கு, அதுவும் மாவட்டத்துக்கு. மத்திய நீர் ஆணையத்தின் நிறம் ஆற்றின் உயரத்துக்கு: எச்சரிக்கை மட்டம் தாண்டினால் மஞ்சள், அபாய மட்டம் தாண்டினால் ஆரஞ்சு, இதுவரை கண்ட உச்ச மட்டத்தையே தாண்டினால்தான் சிவப்பு. அங்கே சிவப்புக்குக் காத்திருந்தால் முடிந்தது கதை. ஐரோப்பிய ஒன்றியமும் ஐ.நா.வும் சேர்ந்து நடத்தும் ஜிடாக்ஸ் என்ற உலகப் பேரிடர் எச்சரிக்கைத் தளத்தைப் பட்டியலின் உச்சியில் வைத்திருக்கிறாய். அது வெளிநாட்டு உதவி தேவைப்படுமா என்று அளக்கிற தராசு. உன் முட்டி வரை தண்ணீர் நிற்கும்போதும் அது பச்சையிலேயே இருக்கலாம். எடுத்துவிடு.

அளவுகளும் அப்படித்தான். தமிழ்நாட்டு அணைப் பட்டியல் அடியிலும் கன அடியிலும் வரும், மத்திய ஆணையம் மீட்டரிலும் கன மீட்டரிலும் கொடுக்கும். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. 4,760 என்று ஒரு எண்ணைப் பார்த்து 'அட, ஐயாயிரம்கூட இல்லையே' என்று நீ நினைத்தால், அதுதான் அந்த 1.68 லட்சம். நேரமும் குழப்பும். மழைப் பட்டியல் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை, முடிகிற நாளின் தேதியில் வரும். 'டிசம்பர் 1 மழை' என்றால் பெரும்பகுதி நவம்பர் 30இல் பெய்தது. வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளில் '00' என்று போட்டிருப்பது நமக்குக் காலை 5.30, '12' என்பது மாலை 5.30. அந்த மாலைக் கணிப்பு ஓட்டம் உன் கைக்கு வர, அமெரிக்க மாதிரிக்கு இரவு 9 மணிக்கு மேல் ஆகும், ஐரோப்பியது நள்ளிரவை ஒட்டி. இரவு எட்டு மணிக்கு விண்டி வானிலைச் செயலியைத் திறந்து 'இப்போ மாறிடுச்சு' என்று பதறுபவன் பழைய ஓட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மாதிரி ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் நம்பிக்கை கூடலாம். தாவினால், தாவலையும் எழுதிவை. ஃபெங்கலுக்கு முன்பு, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்று நவம்பர் 28இல் சொன்னார்கள், 29இல் புயலாகிவிட்டது. அதற்காக அவர்களைத் திட்டிப் பயனில்லை. மெல்ல நகர்கிற அமைப்பில் இந்த ஊசலாட்டம் இருக்கத்தான் செய்யும். இன்றைக்குச் சொன்னது நேற்றுச் சொன்னதிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதே ஒரு தகவல், அதைத்தான் நீ குறிக்க வேண்டும்.

இனி பார்க்கும் வரிசை. கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், திருக்கோவிலூர் அணைக்கட்டு, எல்லீஸ்சத்திரம், சொர்ணாவூர், கடைசியில் உன் கரை. ஒரு அட்டவணையில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பத்தி போட்டு, 2024 டிசம்பர் முதல் வாரத்துச் செய்தித்தாள்களையும் நேரம் போட்ட காணொளிகளையும் வைத்து நிரப்பு. சாத்தனூரில் எப்போது எவ்வளவு திறந்தார்கள், அடுத்த இடத்தில் எப்போது ஏறியது. உன் அவகாசம் எத்தனை மணி நேரம் என்பதை இந்தத் தாள் சொல்லும், வேறு எந்தச் செயலியும் சொல்லாது. சின்ன வெள்ளத்துக்கும் ஒரு வரிசை போடு, பெரிய வெள்ளத்தின் வேகம் வேறு. முகத்துவாரத்தையும் சேர்த்துக்கொள். அந்த டிசம்பர் 1 அமாவாசை. கடல் ஏறி நிற்கும்போது தாழங்குடாவில் ஆறு வடிவது மட்டுப்படும். ஓதமும் அலை உயரமும் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் இணையப் பக்கத்தில் கிடைக்கும்.

சாதாரண நாளில் இரண்டு முறை பார்த்தால் போதும், காலை 9க்கு மேல் மழையும் அணையும், இரவு பத்தரைக்கு அமெரிக்க மாதிரி. மேலே ஆரஞ்சு விழுந்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. திறப்பு அளவு முந்தைய எண்ணைவிட இரண்டு மடங்காகத் தாவினால் மணிக்கு ஒரு முறை, தூக்கத்தை மறந்துவிடு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எண்ணுக்கு முன்னால் அதன் நேரத்தைப் படி. ஆற்று மட்டம் ஆறு மணி நேரமாக ஒரே எண்ணில் நின்றால் ஆறு அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, கருவி செத்திருக்கலாம். கொட்டுகிற மழையில் அசையாத எண் எனக்குப் பயம்தான் தரும்.

சமூக ஊடகத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிகாரபூர்வ எண் சொல்லாத ஒன்றை அது சொல்லும்: எந்தத் தெரு, எந்தக் கரை. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதே. நாற்பது இடத்தில் வந்த செய்திக்கு மூலம் ஒன்றே ஒன்றாக இருக்கும். 'ஏரி உடைஞ்சிருச்சு' என்று நாற்பது பேர் பகிர்ந்தால் அது ஒரு சாட்சி, நாற்பது அல்ல. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர், வெவ்வேறு கோணத்தில் எடுத்த படம் கேள். வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தில் எடுத்த நேரம், இடம் எதுவும் தங்காது. அதனால் படத்துக்குள்ளே பார்: கடைப் பலகை, மின்கம்பத்து எண், வண்டி நம்பர். நம்ம பக்கம் டி.என். 31, விழுப்புரம் 32, உங்களுடையது பி.ஒய். 01. மூன்றும் இல்லாமல் கேரள வண்டியாக ஓடினால் சிரித்துவிட்டு அழித்துவிடு. படத்தைத் தேடுபொறியில் ஏற்றிப் பழசா என்று பார்க்க அரை நிமிடம்.

டெங்குவையும் சேர்க்கலாம், 'காய்ச்சல்' என்று எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று பார்க்கலாம் என்கிறாய். கூகுள் இதைத்தான் 2008இல் ஃப்ளூவுக்குச் செய்தது. 2012-13 குளிர்காலத்தில் உண்மை அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் காட்டி, 2015இல் மூடிவிட்டார்கள். நோயாளி தேடுவதும் பயந்தவன் தேடுவதும் ஒரே எண்ணில் விழுகிறது. 1994 முதல் மருத்துவம் தெரிந்த ஆட்கள் உட்கார்ந்து படித்து அனுப்புகிற நோய்த் தகவல் சேவையான புரோமெட், வூஹான் நிமோனியாவை 2019 டிசம்பர் 30 அன்றே உலகத்துக்குச் சொன்னது. நீயும் ஏ.ஐ.யை வைத்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை, குப்பை பொறுக்க. அனுப்பும் பொத்தான் மனிதன் கையில் இருக்கட்டும். ஒருவர் பார்ப்பது, வேறொருவர் சரிபார்த்து அனுப்புவது.

விளையாட்டில்லாமல் ஒன்று சொல்கிறேன். பொய் எச்சரிக்கை பரப்பிப் பீதி கிளப்பினால் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 54இன்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு. நீ முன்னறிவிப்பு செய்யாதே. யார் சொன்னார்கள், எத்தனை மணி நிலவரம், என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். இப்படி:

"தென்பெண்ணை, இரண்டாம் எச்சரிக்கை மணி. சாத்தனூர் திறப்பு (இவ்வளவு) கன அடி, காலை 6.00 நிலவரம், நீர்வளத் துறை. நாங்கள் பார்த்தது 6.20. கொமந்தான்மேடு, சோரியாங்குப்பம் ஆற்றோரத்தார் மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டவும், காகிதங்களை எடுத்துவைக்கவும். அடுத்த செய்தி 7.30."

கடைசி வரியை விட்டுவிடாதே. 7.30க்குப் புதுசாக எதுவும் இல்லையென்றால் 'மாற்றமில்லை' என்று 7.30க்கே போடு. அந்த இடைவெளியைத்தான் வதந்தி பிடித்துக்கொள்ளும்.

மாநில எல்லையையும் யோசி. தண்ணீர் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது, எச்சரிக்கை தமிழ்நாட்டு மாவட்டங்களின் பெயரில் வரும். 'பாகூர்' என்ற சொல் வரட்டும் என்று காத்திராதே. தேசியப் பேரிடர் எச்சரிக்கைச் செயலியான சசேத்தில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மூன்றையும் போட்டுக்கொள், தமிழ்நாட்டு அரசின் டி.என். அலர்ட் செயலியையும் வைத்துக்கொள். கொம்யூன் பஞ்சாயத்திலும் வருவாய்த் துறையிலும் ஆளுக்கொரு பெயரை இப்போதே பிடி, மழைக்கு நடுவில் அறிமுகம் செய்துகொள்ள முடியாது.

மின்சாரம் போகும், டவர் படுக்கும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் இரண்டு பக்கமும் இருண்டு கிடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பார்க்கிற ஆளில் ஒருவர் வெளியூரில் இருக்கட்டும். பெங்களூரில் நம் நண்பன் 'பம்ப்செட்' சும்மாதானே இருக்கிறான், அவனுக்கு இரவு முறை கொடு. அவன் உன் சாதாரண போனுக்குக் கூப்பிட்டுச் சொல்வான், நீ மைக்செட்டில் சொல்வாய். நல்லவாட்டில் 2004 சுனாமி அன்று அதுதானே நடந்தது? வெளிநாட்டிலிருந்து ஒரு போன், ஊர்த் தகவல் மையத்து ஒலிபெருக்கி, ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள். பக்கத்தில் வீராம்பட்டினத்திலும் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள்தான். எல்லாம் ஸ்மார்ட் போனுக்கு முந்தின கதை.

ஒரு நோட்டு போடு: பார்த்த நேரம், தளம், அதன் நேரம், எண், அனுப்பினோமா இல்லையா. தையில் உட்கார்ந்து, எத்தனை வீணாகக் கூவினோம், எதைத் தவறவிட்டோம் என்று எண்ணி எச்சரிக்கைக்கான எண்களை மாற்றலாம். செயற்கைக்கோள் படமும் அப்போதுதான் உதவும். சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவும், ஆனால் நாம் கேட்ட நேரத்துக்குத் தலைமேல் வராது. தண்ணீர் எதுவரை நின்றது என்று வரைபடம் போட அருமையான சரக்கு.

சொர்ணாவூர் அணைக்கட்டுப் பக்கம் குடியிருக்கிற, போனை எடுக்கிற ஆள் ஒருவர் வேண்டும். ஷட்டர் மேல் எவ்வளவு போகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல. உன் சகலைக்கு அங்கே நிலம் இருக்கிறதல்லவா, கேட்டு எழுது. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலின் மதகு இப்போது மூடித் திறக்கிற நிலையில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவரச் சொல்.

அன்புடன்,
முரளி

பி.கு.: கோயில் மைக்செட்டை நம்புகிறாய் என்றால், அந்த ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுமா என்று பின்பக்கம் திருப்பிப் பார். பல பழைய பெட்டிகள் கரண்ட் இருந்தால்தான் பேசும். ஓடுமென்றால் டிராக்டர் பேட்டரி போதும், ஆனால் கோன் ஸ்பீக்கரை ஆற்றைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள், ஊரைப் பார்த்துத் திருப்பச் சொல்.