விளையாட்டும் பாடம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொடக்கப் பள்ளியில் பாட்டு, கதை, விளையாட்டு வழியாகத் தமிழ் சொல்லித் தந்தால், "படிக்க அனுப்பினால் ஆட விடுகிறார்களே" என்று பெற்றோர் பலர் குறைப்படுகிறார்கள். 2022இல் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கி, மறு ஆண்டு 5ஆம் வகுப்பு வரை நீண்ட தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நம்புவதும் இந்த வழியைத்தான். இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக நான் கண்டதை எழுதுகிறேன்.

வராண்டாவில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டு ல, ள, ழ எழுதிவிடுவேன். நான் 'மழை' என்றால் ழ கட்டத்துக்கு நொண்டியடிக்க வேண்டும். 'மலை' என்றால் ல. கால் மாறினால் வகுப்பே கத்தும். சிவப்பு மையால் எத்தனை முறை திருத்தினாலும் இந்தக் கவனம் வராது.

அப்புறம் சொல் சங்கிலி. ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தின் வரிசையில் அடுத்தவர் சொல் தொடங்க வேண்டும். தமிழில் 'ம்' என முடியும் சொற்கள் ஏராளம் என்பதால் ம வரிசைச் சொற்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்போதுதான் மத்து, முறம், மண்வெட்டி என்று வீட்டுச் சொற்கள் வெளியே வரும். வாயே திறக்காத பிள்ளை ஒருத்தி 'மூக்கணாங்கயிறு' என்றதும் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்ன சொல்லை அவரவர் நோட்டில் எழுதியாக வேண்டும்; எழுத்துப் பயிற்சி அதிலேயே நடந்துவிடுகிறது.

குறை நேரம்தான். பதிவேடு, செயலி வேலைகள் போக மிஞ்சுவது கொஞ்சம். வாரம் இரண்டு பாடவேளையையாவது, எந்தப் பதிவும் கேட்காமல், மொழி விளையாட்டுக்கென்று விட்டுத்தர வேண்டும். பெற்றோரும் ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை,
ஒட்டன்சத்திரம்.