லண்டன் தண்ணியும் வீட்டு பீரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் வீட்டுலயே பீர் காய்ச்சுறத பத்தி போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, ஆனா மால்ட் (முளைகட்டி காயவெச்ச பார்லி), ஹாப்ஸ் (கசப்பு குடுக்கிற பூ), ஈஸ்ட் எல்லாத்தையும் கிராம் கணக்குல சொல்லிட்டு தண்ணிய மட்டும் "குழாய்த்தண்ணி 25 லிட்டர்"னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. பீர்ல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல தண்ணிதாங்க, அதுவும் லண்டன் தண்ணி எப்படின்னு கெட்டில திறந்து பாத்தாலே தெரியும், உள்ள வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சு கிடக்கும்.

நான் ஈஸ்ட் ஹாம்ல ஆறு வருஷமா காய்ச்சுறேன். ஆரம்பத்துல ஸ்டவுட்ங்கிற கருப்பு பீர் போட்டா அருமையா வரும், பேல் ஏல்ங்கிற வெளிர் பீர் போட்டா மட்டும் பச்சை வாழைப்பூவ கடிச்ச மாதிரி நாக்குல துவர்ப்பு ஒட்டிக்கும். ஹாப்ஸ மாத்தினேன், ஈஸ்ட்ட மாத்தினேன், பேல் ஏலுக்கு பேர் போன ஊர் இங்கிலாந்துல இருக்கிற பர்ட்டன், அந்த ஊர் தண்ணியில ஜிப்சம்ங்கிற கால்சியம் உப்பு ஜாஸ்தின்னு படிச்சுட்டு டெஸ்ட் ஏதும் பண்ணாம நானும் ஜிப்சத்த போட்டேன், கசப்பு இன்னும் முரடாத்தான் ஆச்சு.

கடைசில வழி காட்டுனது மீன் தொட்டிக்கு விக்கிற கேஎச் டெஸ்ட் கிட், தண்ணியோட காரத்தன்மைய அளக்கிறது. 5 மில்லி தண்ணிய குப்பியில எடுத்து சொட்டு சொட்டா விட்டு ஆட்டணும், நீலமா இருக்கிறது மஞ்சளாகுற வரைக்கும் எண்ணணும். எனக்கு 14 சொட்டு ஆச்சு. ஒரு சொட்டுக்கு சுமார் 18 மில்லிகிராம், அப்ப லிட்டருக்கு 250 மில்லிகிராம் காரத்தன்மை!

மால்ட்ட வெந்நீர்ல ஊறப்போடும்போது பிஎச் (அமில-கார அளவு) 5.2லேர்ந்து 5.6க்குள்ள நிக்கணும். தண்ணியோட காரத்தன்மை அத மேலயே புடிச்சு வெக்குது, பிஎச் ஏறுனா மால்ட் உமியில இருக்கிற துவர்ப்பு எல்லாம் இறங்கிடும். ஸ்டவுட்டுக்கு போடுற கருக வறுத்த மால்ட்டுல அமிலம் இருக்கு, அதுவே சமாளிச்சுடும், வெளிர் மால்ட்டால முடியாது. அந்தக் காலத்துல லண்டன் போர்ட்டர்ங்கிற கருப்பு பீருக்கு பேர் வாங்குனதுக்கும் செக் நாட்டு பில்சன் ஊரு மென்மையான தண்ணியில லாகர்ங்கிற வெளிர் பீர் நல்லா வந்ததுக்கும் இதுதாங்க பெரிய காரணம்.

இப்ப முந்தின நாள் ராத்திரியே தண்ணிய இருவது நிமிஷம் கொதிக்க விட்டு ஆறவெச்சு, அடியில படிஞ்ச வெள்ளைய கலக்காம மேல் தண்ணிய மட்டும் டியூப்ல இறக்கிக்கிறேன். அதுக்கப்புறமும் சொட்டு ஜாஸ்தியா இருந்தா லாக்டிக் ஆசிட் ஒவ்வொரு மில்லியா விட்டு மறுபடி டெஸ்ட், பேல் ஏலுக்கு ரெண்டு மூணு சொட்டுல மஞ்சளாகணும். மொத்தத்தையும் ஆசிட்டாலயே இறக்கப் பாக்காதீங்க, பீர்ல புளிப்பு தட்டும். குழாய்த்தண்ணியில கிருமி கொல்ல கலக்குற குளோரமைனுக்கு கேம்ப்டன் மாத்திரை (சல்ஃபைட் மாத்திரை) அரை போதும், பொடிச்சு கலக்கணும், இத விட்டா பீர்ல ஆஸ்பத்திரி மருந்து வாடை வரும், அதுக்கப்புறம் எதாலயும் எடுக்க முடியாது. ஜிப்சம், கால்சியம் குளோரைடு மாதிரி உப்பு சேக்குறதெல்லாம் இதுக்கு பின்னாடிதான்.

அடுத்த தடவ ரெசிபி போடும்போது அந்த பீருக்கு எத்தன சொட்டு தண்ணி வேணும்னு ஒரு வரி சேத்து போடுங்க சார், புதுசா காய்ச்சுறவங்க பாவம், மால்ட்ட குறை சொல்லிக்கிட்டு இருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்