மானட்டி பார்க்கக் கூட்டமாகப் புறப்படும் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், குளிர்கால விடுமுறையில் ஃப்ளோரிடா சுற்றுலா ஏற்பாடு செய்யும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

தேங்ஸ்கிவிங் முடிந்ததும் சங்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் பயணப் பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும். இரண்டு நாள் டிஸ்னி, ஒரு நாள் கென்னடி விண்வெளி மையம், கடைசி நாள் கிரிஸ்டல் ரிவர் என்ற ஊரில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் ஏறி, மானட்டி என்ற பெரிய நீர்வாழ் பாலூட்டியைப் பார்ப்பது. இந்தக் கடைசி நாளைப் பற்றித்தான் எழுதுகிறோம். போகவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டாயம் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். ஆனால் நாற்பது பேரை ஒரே நேரத்தில் ஒரே ஊற்றுவாயில் தண்ணீரில் இறக்கும் ஏற்பாட்டை இந்த ஆண்டோடு நிறுத்திவிடுங்கள். இதுதான் எங்கள் கோரிக்கை. ஏன் என்பதையும், அதற்குப் பதிலாக எப்படிச் செய்வது என்பதையும் கீழே சொல்கிறோம்.

மானட்டி நம் பாக் நீரிணையில் இருக்கும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்கு உறவு. ஆவுளியாவின் வால் திமிங்கிலத்துக்கு இருப்பதுபோல் இரண்டாகப் பிளந்திருக்கும். மானட்டியின் வால் தோசைத் திருப்பிபோல் வட்டமாக, ஒரே தகடாக இருக்கும். ஆவுளியா கடலைவிட்டு வராது, மானட்டி கடலுக்கும் ஆற்றுக்குமாகப் போய்வரும். வளர்ந்த மானட்டி பத்தடி நீளம், ஆயிரம் பவுண்டுக்கு மேல் எடை. இவ்வளவு பெரிய உடம்பைப் பார்த்ததும் திமிங்கிலத்தைப்போல் உள்ளே கொழுப்பு மெத்தை இருக்கும் என்று நினைப்போம். இல்லை. கொழுப்பு மிகக் குறைவு, உடல் தானே உண்டாக்கும் சூடும் குறைவு. தண்ணீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போய் அங்கேயே நின்றுவிட்டால், மானட்டி இரை எடுப்பதை நிறுத்திவிடும். தோலில் வெள்ளைப் புண்கள் வரும், உடல் மெலியும், நுரையீரலில் தொற்று ஏறும், இறந்துபோகும். சில நாள் குளிரே குட்டிகளுக்குப் போதும்.

கிரிஸ்டல் ரிவரின் கிங்ஸ் பே விரிகுடாவில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊற்றுகள் உள்ளன. நிலத்தடியிலிருந்து வரும் அந்தத் தண்ணீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 72 டிகிரியிலேயே இருக்கும். மெக்சிகோ வளைகுடாக் கடல் குளிர்ந்ததும் மானட்டிகள் நூற்றுக்கணக்கில் அங்கே வந்து அடைவதற்கு இதுதான் காரணம். இந்த விலங்குக்காகவே 1983-ல் அங்கே ஒரு தேசிய வனவிலங்குப் புகலிடம் அமைத்தார்கள்.

இப்போது நம் நாற்பது பேரை அங்கே வைத்துப் பாருங்கள். இருபது இரட்டைக் கயாக்குகள். ஊற்றுவாய்க்கு வெளியே ஒரு தாயும் குட்டியும் படுத்திருக்கின்றன. முதல் கயாக்கில் ஒருவர் "இதோ, இதோ!" என்று கத்துகிறார். மற்ற பத்தொன்பதும் அங்கே திரும்புகின்றன. துடுப்பு கயாக்கின் விளிம்பில் மோதும் ஒவ்வொரு சத்தமும் நீருக்கடியில் தெளிவாகக் கேட்கும். தாய் எழுந்து நகர்கிறது. நகர்ந்து போகும் இடம் குளிர்ந்த விரிகுடா. யாரும் அதைத் தொடவில்லை, யாரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை, ஆனாலும் அந்தக் காலையில் அதற்குச் சூடு போய்விட்டது. இதே காட்சி ஒரே நாளில் ஐந்தாறு குழுக்களால் நடக்கிறது. தாய் இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் ஈனும், அதுவும் பெரும்பாலும் ஒரே குட்டி. அது ஓரிரு ஆண்டு தாயோடுதான் திரியும். கலவரத்தில் இரண்டும் பிரிந்தால் குட்டி பிழைப்பது அரிது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1972-ன் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம், 1973-ன் அருகிவரும் உயிரினங்கள் சட்டம், 1978-ன் ஃப்ளோரிடா மானட்டி சரணாலயச் சட்டம் மூன்றும் பொருந்தும். துரத்துவது, சூழ்ந்துகொள்வது, உணவு கொடுப்பது, குடிக்கத் தண்ணீர் ஊற்றுவது, தாயையும் குட்டியையும் பிரிப்பது எல்லாமே தொந்தரவு செய்த குற்றம். மாநிலச் சட்டத்தில் 500 டாலர் அபராதம், 60 நாள் சிறை வரை போகலாம். மத்தியச் சட்டத்தில் இன்னும் கடுமை. 2017-ல் மானட்டி "அழியும் நிலையில்" என்ற பட்டியலிலிருந்து "அச்சுறுத்தலில்" என்ற பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அதனால் பாதுகாப்பு தளர்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

இனி ஏற்பாட்டுக்கு வருவோம்.

தேதியில்தான் முதல் பிழை நடக்கிறது. ஆறு மாதம் முன்பே டிசம்பர் 26 என்று குறித்துவிடுகிறோம். அன்று வெயில் எண்பது டிகிரி அடித்தால் மானட்டிகள் ஊற்றைவிட்டு விரிகுடா முழுக்கவும் அதற்கு வெளியிலும் மேயப் போய்விடும். "பணம் வீண், ஒன்றுகூடக் காணோம்" என்று திரும்பி வருவோம். குளிர்காற்று இறங்கி இரண்டு மூன்று நாள் ஆனபின்தான் அவை நெருங்கிச் சேரும். ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் ஒரு வாரத்தைக் குறித்துவைத்து, எந்த நாள் என்பதை வானிலை பார்த்துக் கடைசியில் முடிவு செய்யுங்கள். பொங்கலையொட்டி வரும் மார்ட்டின் லூதர் கிங் நீண்ட வார இறுதியைத் தவிர்ப்பது நல்லது. ஊரில் மானட்டித் திருவிழாவும் அந்தச் சமயத்தில்தான், படகுகள் நெரிசலாக இருக்கும். வார நாளுக்கு ஈடு எதுவுமில்லை.

நேரம் விடியற்காலைதான். ஏழு மணிக்குத் துடுப்பு தண்ணீரில் இருக்கவேண்டும், பத்துக்குள் கரையேறிவிட வேண்டும். வெயில் ஏறினால் மானட்டிகள் புல் மேயக் கலைந்துவிடும். காற்றும் கிளம்பும், மோட்டார் படகுகளும் கூடும், அடிச்சேறு கிளம்பித் தண்ணீர் கலங்கும். கலங்கிய தண்ணீரில் கயாக்குக்கு நேர் கீழே ஆயிரம் பவுண்டு விலங்கு படுத்திருந்தாலும் தெரியாது. புதியவர்கள் இருக்கும் குழு, காற்று மணிக்குப் பதினைந்து மைலைத் தாண்டினால் அன்று இறங்கவே கூடாது. கிங்ஸ் பே அகன்ற நீர்ப்பரப்பு. திரும்பி வரும்போது எதிர்காற்றில் பிள்ளைகளால் துடுப்பு போட முடியாது.

இடத்தைப் பற்றிய குழப்பம் இன்னும் பெரியது. இணையத்தில் பரவும் படங்களில் பளிங்குபோன்ற நீலத் தண்ணீரில் கயாக்குகள் மிதக்குமே, அது பெரும்பாலும் கிங்ஸ் பேயில் இருக்கும் த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்று. நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை அதற்குள் கயாக், துடுப்புப் பலகை எதுவும் நுழையக் கூடாது. கடுங்குளிர் நாட்களில் நீந்துகிறவர்களுக்கும் மூடிவிடுவார்கள். மிதவைகளும் கயிறும் கட்டிய சரணாலயப் பகுதிகளும் அப்படியே. கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நமக்கு. ஓர்லாண்டோவிலிருந்து பக்கம் என்று ப்ளூ ஸ்பிரிங் மாநிலப் பூங்காவுக்குக் கயாக் கட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அங்கேயும் அதே மாதங்களில் ஊற்றோடை முழுக்க மூடியிருக்கும், மரநடைமேடையில் நின்றுதான் பார்க்கலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மானட்டியை முழு உருவமாகப் பார்க்கக் கயாக்கைவிட நடைமேடையே மேல். மேலிருந்து செங்குத்தாகப் பார்க்கும்போது தண்ணீரின் பளபளப்பு மறைக்காது. கயாக்கில் கிடைப்பது வேறு: பத்தடி தூரத்தில் இரண்டு நாசித்துளைகள் திறந்து "புஸ்" என்று மூச்சு விடும் சத்தம். அந்தச் சத்தத்துக்காகக் கயாக் ஏறலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும், முழங்கால் வலி உள்ளவர்களையும், மூன்று வயதுக் குழந்தையையும் நேராக த்ரீ சிஸ்டர்ஸ் நடைமேடைக்கு அனுப்பிவிடுங்கள். அவர்கள்தான் அதிகம் பார்த்துவிட்டு வருவார்கள்.

நாற்பது பேர் என்றால் நான்கு குழு, நான்கு வெவ்வேறு நாள் அல்லது நேரம். ஒரு குழுவுக்கு ஆறு கயாக்குக்கு மேல் வேண்டாம், அதற்கு ஒரு வழிகாட்டி. முன்பதிவு செய்யும் முன் நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள். புகலிட நீரில் வணிகமாக ஆட்களை அழைத்துப்போகச் சிறப்பு அனுமதி வாங்கியிருக்கிறார்களா? இறங்கும் முன் மானட்டியிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றிய காணொளியைக் காட்டுவார்களா? காற்று கூடினால் பணத்தைத் திருப்பித் தருவார்களா, தேதியை மாற்றுவார்களா? "மானட்டியைத் தொடலாம், உறுதியாகக் காட்டுவோம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். காட்டு விலங்கை யாரும் உறுதியளிக்க முடியாது. அந்த உறுதியைக் காப்பாற்ற வழிகாட்டி செய்யக்கூடியது துரத்துவது ஒன்றுதான்.

கயாக்கில் ஏறுவதை எல்லோரும் கரையிலேயே பழகட்டும். மேலே அமரும் வகைக் கயாக்கை முழங்கால் ஆழத் தண்ணீரில், கரைக்கு இணையாக நிறுத்துங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள, முதலில் இருக்கையில் உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே எடுக்கவேண்டும். ஒரு காலை வைத்து எழுந்து நின்றால் அடுத்த நொடி தண்ணீரில் இருப்பார்கள். இரட்டைக் கயாக்கில் எடை கூடியவர் பின்னால் அமரவேண்டும். திருப்புவது அவர் வேலை. முன்னால் இருப்பவர் தாளம் மட்டும் கொடுக்கவேண்டும். இருவரும் திருப்ப முயன்றால் கயாக் நின்ற இடத்தில் சுற்றும், துடுப்புகள் ஒன்றோடொன்று மோதும். துடுப்பைச் செங்குத்தாகக் குத்தாமல், தாழ்ந்த கோணத்தில் மேலோட்டமாகப் போடப் பழக்குங்கள். இதற்கு இரண்டு காரணம். ஆழமில்லாத நீரில் செங்குத்துத் துடுப்பு மானட்டியின் முதுகில் படும். அடியில் இருக்கும் புல்லையும் பறிக்கும். கிங்ஸ் பேயில் அந்த நாடாப்புல்லைப் பல ஆண்டுகளாகக் கையால் நட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2021-ல் ஃப்ளோரிடாவில் 1,100 மானட்டிகள் இறந்தன. அட்லாண்டிக் கரையின் இந்தியன் ரிவர் காயலில் கடற்புல் அழிந்து பட்டினி கிடந்ததே அந்தச் சாவுகளுக்குப் பெரிய காரணம். புல் இருக்கும் விரிகுடா எவ்வளவு அருமை என்று அதிலிருந்து தெரியும்.

மானட்டி எங்கே என்று தேட, தண்ணீரின் மேல்முகத்தைப் பாருங்கள். அது வாலை அசைத்துப் போகும்போது மேலே வழவழப்பான வட்டங்கள் வரிசையாக எழும். வழிகாட்டிகள் அதைக் காலடி என்பார்கள். வட்டங்கள் போகும் திசையில் நீங்கள் போகக்கூடாது, வழியை விட்டு ஒதுங்குங்கள். இரண்டு கயாக் நீளத்துக்குள் வந்ததும் துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். நீந்தும் மானட்டி மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்செடுக்கும். அசையாமல் தூங்குவது இருபது நிமிடம் வரை மேலே வராமல் இருக்கும், அதை எழுப்பாதீர்கள். கயாக்குகள் வட்டமாக நிற்கக் கூடாது. எல்லாம் ஒரே பக்கம், அதன் போக்கு எப்போதும் திறந்திருக்கவேண்டும். அது தானாக வந்து கயாக்கை முட்டினால் கை இரண்டும் உள்ளே, அலறக்கூடாது, துடுப்பால் தள்ளக்கூடாது. மிரண்டால் ஒரே வால்வீச்சில் கயாக் கவிழும். மனிதக் கூச்சலே அதை மிரள வைக்கலாம்.

உடுப்பில் பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, காலை நாற்பத்தைந்து டிகிரிக் காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை நூல் உடை இரண்டடுக்கு, மேலே காற்றுத் தடுக்கும் சட்டை, நனையலாம் என்ற செருப்பு. துப்பட்டா கரையிலேயே இருக்கட்டும். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்ட் கண்ணாடி இல்லாவிட்டால் பாதிப் பணம் வீண். கார் சாவியும் கைபேசியும் நீர்புகாப் பையில். லைஃப் ஜாக்கெட் கடலோரக் காவல்படை ஒப்புதல் பெற்றதாக ஆளுக்கொன்று, கயாக்குக்கு ஒரு விசில். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் அதை அணிந்திருக்கவேண்டும் என்பது ஃப்ளோரிடாச் சட்டம். பெரியவர்களும் அணியட்டும், அதை அவரவர் விருப்பத்துக்கு விடாதீர்கள். புளியோதரைப் பொட்டலத்தைக் கரையில் பிரிக்கலாம். ட்ரோன் வேண்டாம், புகலிட நிலத்திலிருந்து அதைப் பறக்கவிடுவது குற்றம்.

அங்கே பார்க்கும் மானட்டிகள் பலவற்றின் முதுகில் வரிவரியாக வெள்ளைத் தழும்புகள் இருக்கும். படகு மோதியும் மோட்டார் விசிறி கிழித்தும் ஏற்பட்டவை அவை. ஆய்வாளர்கள் அந்தத் தழும்புகளை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். காயம்பட்டதோ, பக்கவாட்டில் சாய்ந்து மிதப்பதோ, தாயில்லாமல் தனியே நிற்கும் குட்டியோ கண்ணில் பட்டால் அருகில் போகாதீர்கள். தள்ளியும் விடாதீர்கள். ஃப்ளோரிடா மீன், வனவிலங்கு ஆணையத்தின் 1-888-404-3922 என்ற எண்ணை அழைத்து இடத்தைச் சொல்லிவிட்டு, தொலைவில் நின்று பார்வையில் வைத்திருங்கள்.

இந்த ஆண்டுப் பதிவுப் படிவத்தை அச்சேற்றும் முன் அதில் மூன்று வரி சேருங்கள்: ஒரு குழுவில் ஆறு கயாக் மட்டும், தேதி வானிலையைப் பொறுத்து மாறும், மானட்டி கண்ணில் படாவிட்டாலும் பணம் திரும்பாது என்பதோடு துரத்தச் சொல்லிக் கேட்கவும் கூடாது. இந்த மூன்றாவது வரியைப் படித்துவிட்டுச் சிலர் பெயரை எடுத்துவிடலாம். எடுக்கட்டும்.

அன்புடன்,
கிங்ஸ் பேயில் கயாக் விடும் தமிழர்கள் சிலர்