மில் தொழிலாளிகள் வளர்த்த நாய்

பொகவந்தலாவை

அன்புள்ள செல்வி,

உன் கடிதமும் பேத்தியின் படமும் கிடைத்தன. உன் நெற்றியும் அந்தப் பிடிவாதப் பார்வையும் அப்படியே அவளுக்கு வந்திருக்கின்றன. முழங்கால் வலி குறைந்து நடக்கிறாய் என்று அறிந்து நிம்மதி. இங்கே நாங்கள் இருவரும் சுகம். இவர் தேயிலை ஸ்டோரிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முழுநேரமும் தோட்டவேலைதான், கரட்டும் லீக்ஸும் நன்றாக வருகின்றன. மழைதான் இந்த வருஷம் ஓய்வதாக இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். பேத்தி யோர்க்‌ஷயர் டெரியர் குட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், கோத்தகிரிக் குளிரில் அவ்வளவு சின்ன நாய் தாங்குமா, அதை வளர்ப்பது வீண் பகட்டு இல்லையா என்று கேட்டிருக்கிறாய். அதே இனத்து நாயான நம்ம சிட்டுவை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? மகன் கொழும்பில் இருந்தபோது வாங்கிய குட்டி அது. அவனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்ததும் எங்களிடம் வந்தது. இப்போது நல்ல வளர்ந்த நாய், எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த இனத்துக்கு 3.2 கிலோதான் மேல் எல்லை.

முதலில் அந்தப் பகட்டு விஷயம். லயத்துச் சனங்களும், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்காரர்களும், சிட்டுவைப் பார்த்தால் "தொரைமார் வீட்டு நாய்" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இதன் பூர்வீகம் பங்களா இல்லை, செல்வி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்கொட்லாந்து நெசவாளர்கள் பிழைப்புத் தேடி இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர், லங்காஷயர் மில்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். வரும்போது தங்கள் சின்ன டெரியர்களையும் கையோடு கொண்டுவந்தார்கள். அங்கிருந்த நாய்களோடு சேர்ந்து உருவான இனம்தான் இது. மில்லிலும் தொழிலாளர் குடியிருப்பிலும் எலி பிடிப்பதுதான் இதற்கு வேலை. நம்ம பாட்டன் பூட்டன்மார் தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்ததும் ஏறக்குறைய அதே காலம்தானே. அந்தக் கோப்பிக் காலத்தில் இங்கே கோப்பி எலி என்றே ஒன்று இருந்தது. மொட்டையும் பூவையும் தின்பதற்காகக் கிளைகளையே கடித்துப் போடுமாம். பிழைக்க ஊர் விட்டு ஊர் போன சனங்களோடு வந்த நாய் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு இதன்மேல் தனிப் பாசம். அதைப் பகட்டு என்று யார் சொன்னாலும் நான் சும்மா விடுவதில்லை.

இந்த இனத்துக்கே தகப்பன் என்று ஹடர்ஸ்ஃபீல்ட் பென் என்ற நாயைச் சொல்கிறார்கள். 1865இல் பிறந்து, கண்காட்சிகளிலும் எலி பிடிக்கும் போட்டிகளிலும் பரிசு வாங்கி, 1871இல் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனது. யோர்க்‌ஷயர் டெரியர் என்ற பெயர் வந்தது 1870இல். சீமாட்டிகள் மடியில் ஏறியதெல்லாம் அதற்குப் பிந்திய கதை.

உன் பேத்திக்குச் சொல்ல இன்னொரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1944இல், நியூகினிக் காட்டில் ஒரு பதுங்குகுழியில் கிடந்த யோர்க்‌ஷயர் டெரியரை பில் வின் என்ற அமெரிக்கச் சிப்பாய் வாங்கி வளர்த்தார். ஸ்மோக்கி என்று பெயர். இரண்டு கிலோகூட இருக்காது. அடுத்த வருஷம் பிலிப்பைன்ஸில் லிங்காயன் விமானத்தளத்தில், ஓடுபாதைக்கு அடியில் தொலைபேசிக் கம்பி போட வேண்டியிருந்தது. தோண்டினால் ஆட்கள் எதிரியின் குண்டுக்கு இலக்காகிவிடுவார்கள். 70 அடி நீளம், 8 அங்குல அகலம், உள்ளே இடையிடையே மண் சரிந்த குழாய். கழுத்துப் பட்டியில் நூலைக் கட்டி உள்ளே விட்டார்கள். மறுமுனையில் பில் வின் கூப்பிடக் கூப்பிட அது நூலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. பிறகு ஆஸ்பத்திரிகளில் காயம்பட்டவர்களுக்கு ஆறுதலாகவும் இருந்து, 1957 வரை உயிரோடு இருந்தது.

சிட்டுவிடமும் அந்த ரத்தம் இருக்கிறது. குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கிற இடத்தில் சிலநாள் அசையாமல் நிற்பாள். முன்னங்கால் ஒன்று தூக்கியபடி, காது இரண்டும் முன்னே நிமிர்ந்து, மூக்கு நுனி மட்டும் துடிக்கும். நாங்கள் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். விறகுக்கு இடையில் ஒரு சரசரப்பு கேட்டதும் ஒரே பாய்ச்சல், கழுத்தைப் பிடித்துத் தலையை ஒரு உலுக்கு, எலி முடிந்தது. அதனால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியை நாங்கள் ஒரு வருஷமும் தவறவிடுவதில்லை. விசர்நாய்த் தடுப்பூசி இங்கே சுகாதாரப் பகுதியினர் இலவசமாகவே போடுகிறார்கள்.

மனம் இவ்வளவு பெரிதாக இருந்தாலும் உடம்பு சின்னது. கவனம் முழுக்க அங்கேதான் வேண்டும். குட்டியாக வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன், உன் பேத்தி இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளட்டும். பயணக் களைப்பில் குட்டி இரவு சாப்பிடவில்லை. விடியற்காலையில் பார்த்தால் நிற்கமுடியாமல் பின்னங்கால் பின்னுகிறது. தலை ஒருபக்கம் சாய்கிறது, கண் எங்கேயோ பார்க்கிறது, உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடக்கிறது. ரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. இந்தச் சின்ன இனக் குட்டிகளுக்கு உடம்பில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. ஒருவேளைச் சாப்பாடு தவறி, குளிரும் சேர்ந்தால் சில மணித்தியாலத்தில் ஆபத்து. அலமாரியில் கித்துள் பனைப் பாணி இருந்தது. விரலில் தொட்டு ஈறிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தேய்த்தேன். அந்த நேரத்தில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இவர் கம்பளியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நாக்கு அசைந்தது, பிறகு தலை நிமிர்ந்தது, நக்கத் தொடங்கினாள். அவித்த கோழியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் மிருக வைத்தியரிடம் ஓடினோம். உங்கள் பக்கம் தேன் கிடைக்குமே, வீட்டில் எப்போதும் வைத்திருக்கச் சொல். குட்டியாக இருக்கும் மாதங்களில் ஒருநாளைக்கு நாலு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

குளிரைப் பற்றிக் கேட்டாய் அல்லவா? இதற்கு அடிமயிர் கிடையாது. மேலே இருப்பதும் நம்ம தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும் மெல்லிய முடி. அவ்வளவாக உதிராது, ஆனால் குளிரையும் தடுக்காது. தை மாசம் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழுகிற நாட்களில் இங்கேயும் காலையில் எலும்புக்குள் குளிர் இறங்கும். அப்போது சிட்டுவுக்கு ஸ்வெட்டர் போடாமல் வெளியே விடுவதில்லை. பேரனின் பழைய கம்பளிச் சட்டைக் கையை வெட்டி, இரண்டு ஓட்டை போட்டால் போதும், கடையில் வாங்கத் தேவையில்லை. மழையில் நனைந்தால் உடனே துடைத்து, அடிவயிறுவரை காயவைக்க வேண்டும். குளிக்க வார்ப்பது வெயில் ஏறிய பிறகுதான்.

முடியை நான் நீளமாக விடவில்லை, கட்டையாக வெட்டிவிடுவேன். படத்தில் பார்க்கிற மாதிரி தரைவரை தொங்கும் முடி மூடுபனியிலும் ஈரத்திலும் ஒரே நாளில் சிக்குப்பிடிக்கும். காதுக்குப் பின்னால், அக்குளில், பட்டி உரசும் இடத்தில்தான் முதலில் முடிச்சு விழும். காய்ந்த முடியில் சீப்பைப் போடாதே. தண்ணீர் தெளித்து, நுனியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். நெற்றி முடியை ஒன்று வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் சின்னக் கொண்டையாகக் கட்ட வேண்டும், கண்ணில் குத்தவிடக் கூடாது. இன்னொன்று, குட்டி கறுப்பாக இருக்கிறதே என்று பேத்தி ஏமாறவேண்டாம். எல்லாக் குட்டியும் கறுப்பும் பழுப்புமாகத்தான் பிறக்கும். முதுகு கருநீலச் சாம்பலாகவும் முகமும் காலும் பொன்னிறமாகவும் மாற இரண்டு மூன்று வருஷம்கூட ஆகும். சிட்டுவின் வால் நுனி முதலில் நிறம் மாறியதா, காது முதலிலா என்று எங்கள் வீட்டில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது!

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழுத்தில் பட்டி போட்டு இழுக்கவே கூடாது. இந்த இனத்தின் மூச்சுக்குழாய் பலவீனமானது, நெரிந்தால் வாத்து கத்துகிற மாதிரி இருமல் வரும். நெஞ்சைச் சுற்றிப் போடும் வார்ப்பட்டிதான் நல்லது. விறகடுப்புப் புகையும் இதே இருமலைக் கிளப்பும், அதனால் சமைக்கும்போது சிட்டு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில்தான் இருப்பாள். பின்கால் முழங்கால் சில்லு இடம் விலகுவதும் இவற்றுக்கு அதிகம். கட்டிலிலிருந்து குதிக்கவிடாமல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறோம். பாற்பல் விழாமல் புதுப்பல் பக்கத்திலேயே முளைத்து இரட்டை வரிசையாக நிற்கும், அதைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈறு அழுகும். குழந்தைகளுக்கான பிரஷ்ஷால் தினமும் பல் தேய்க்கிறேன், ஆனால் நம்ம பற்பசை ஆகாது. சொக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் விஷம். பெரிய நாய் தாங்குகிற அளவு இதைக் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் மீந்த கறியை நாய்க்குப் போடும் பழக்கம் இருந்தது, கறியென்றால் வெங்காயம் இல்லாமல் ஏது, அதை அடியோடு நிறுத்தியாயிற்று. ஓடைத் தண்ணீரையும் குடிக்கவிடாதே. அட்டை மூக்குக்குள் ஏறித் தங்கிவிடும். ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம் வந்து தும்மினால் அதுதான் முதல் சந்தேகம்.

வைத்தியம்தான் மலையில் கஷ்டம். பக்கத்தில் இருக்கிற மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் மாடு பார்க்கிறவர்கள். நல்ல மனிதர்கள், ஆனால் ஸ்கேன் வேண்டும், மயக்கம் கொடுத்துப் பல் பிடுங்க வேண்டும் என்றால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம். போகும் முன் சமையல் தராசில் நிறுத்து எடையை எழுதிக்கொண்டு போவேன். இவ்வளவு சின்ன உடம்பில் மருந்து கொஞ்சம் கூடினாலும் பெரிய வித்தியாசம்.

அடுத்தது சிறுத்தை. உங்கள் நீலகிரியிலும் அது தேயிலைக்குள் வரும் என்பது உனக்குத் தெரியாததல்ல. இங்கே லயத்து நாய்களைத் தூக்கிப் போவது புதிதில்லை. இருட்டிய பிறகும் விடியும் முன்பும் சிட்டுவை நாங்கள் தனியாக வெளியே விடுவதில்லை. பருந்து தாழப் பறந்தால் கையில் எடுத்துக்கொள்வேன். அதைவிடப் பெரிய தொல்லை அவளுடைய தைரியம். தன்னைப்போல் பத்து மடங்கு இருக்கும் தோட்டத்து நாய் எதிரே வந்தாலும் பின்வாங்க மாட்டாள், நேரே போய் நெஞ்சை நிமிர்த்தி நிற்பாள். அவள் பயப்படாத இடத்திலெல்லாம் நாம் சேர்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறது. அதற்காக எப்போதும் தூக்கிக்கொண்டே திரியாதே. தன் காலில் நடந்து, மோப்பம் பிடித்து, மண்ணைக் கிளறினால்தான் அது சந்தோஷமாக இருக்கும். இல்லாவிட்டால் குரைத்தே வீட்டை இரண்டாக்கும்.

அதனால் என் பதில், வளர்க்கலாம். ஆனால் வாங்குவதில் அவசரம் வேண்டாம். "டீகப்" என்று சொல்லி இன்னும் சின்னதாக விற்பார்கள், அப்படி ஒரு இனமே கிடையாது. உடம்பு எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு நோயும் கூடும். தாய் நாயை நேரில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். 12 வாரம் ஆகாத குட்டியைத் தூக்காதீர்கள். இந்த இனத்தில் சில குட்டிகளுக்குப் பிறப்பிலேயே ரத்தம் ஈரலுக்குள் போகாமல் சுற்றிப்போகும் கோளாறு உண்டு. சாப்பிட்ட பிறகு சுவரில் முட்டுவது, வட்டம் சுற்றுவது, வளராமல் நிற்பது அதன் அடையாளம். ஈரல் சோதனை செய்திருக்கிறதா என்று கேட்கச் சொல். நன்றாகக் கவனித்தால் 12, 15 வருஷம் இருக்கும். உன் பேத்தி காலேஜ் முடித்துக் கல்யாணம் ஆகும்வரை என்று வைத்துக்கொள். அவள் படிக்கப் போய்விட்டால் பார்ப்பது நீதான், முழங்காலோடு உன்னால் முடியுமா என்பதை நீயே யோசி. மகளிடமும் மனம்விட்டுப் பேசு.

நம்ம பழைய பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மாடிக் கட்டடம் வந்துவிட்டது. நாம் உட்கார்ந்து புளி தின்ற வாகை மரத்தை வெட்டவில்லை, போனமாசம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இவர் உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

குட்டியைப் பார்க்க எப்போது போகிறீர்கள் என்று எழுது. அதற்கு முதல்நாள் போன் போடு, பேத்தியிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
ராஜி